மூக்குப் பாரம்

பகலில் பல் கட்டுகிறேன்.
முருகன்குறிச்சியில் மாடிப்படி ஏறினால் இடது கைப் பக்கம்,
ஜெயரூபா டென்டல் லேப். நான்தான் ஜெயரூபா.
எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அதே மேசையில், அதே விளக்கில்
இறக்கை கட்டுகிறேன்.

மெழுகு சீவுகிற கத்திதான்
பால்சாவையும் சீவுகிறது.
கூரியரில் வரும் ஒரு மில்லிமீட்டர் தகடு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டணும்,
விட்டால் நகர்ந்துவிடும்.
விலா எலும்பு இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு.
மேலே டிஷ்யூத் தாள் ஒட்டி
ரோஜாவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயில் தண்ணீர் தூவினால்
ராத்திரி தொளதொளவென்று கிடக்கும்,
விடிந்து விரலால் சுண்டினால்
டொம்.

மொத்தம் அறுபத்திரண்டு கிராம்.
நாலு மாசம்.

இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தேன்.
வால் தாழ்ந்தது.
மூக்கில் கொஞ்சம் ரோஸ் மெழுகு அப்பினேன்,
ஈறு செய்கிற மெழுகு.
இன்னும் கொஞ்சம்.
அதில் ஒரு கடுகளவு கிள்ளி எடுத்தேன்.
நின்றது.
வீட்டுக் கணக்கும் ஒருநாள் இப்படி நின்றால் தேவலை.

வைகாசி ஞாயிறு, பத்து மணி.
கிருஷ்ணாபுரத்துக்கு முன்னால் ஒரு குளம்,
பேரைச் சொல்ல மாட்டேன், கிரிக்கெட்காரர்கள் வந்துவிடுவார்கள்.
தண்ணீர் கிடையாது. பாளம் பாளமாக வெடித்த கரம்பை,
கரையெல்லாம் உடைமரம்.
முதல் பூசை முடித்து வந்திருந்தார் ஆரோக்கியசெல்வம்,
மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர்,
எண்ணுவதில் பிசகே வராது.
நான் பிடித்துக்கொள்ள, கைத்துரப்பணத்தில் ரப்பரை முறுக்கினார்.
ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது, அறுநூறு.
ரப்பர் முடிச்சு முடிச்சாகத் திரண்டு
உள்ளே எதுவோ நெறித்தது.
விட்டேன்.

ஏறியது. வட்டம் போட்டு ஏறியது.
விசிறி நின்ற பிறகும் ஏறியது.
அங்கே ஏற்கெனவே இரண்டு பருந்து
சிறகு அசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன,
மூன்றாவதாக இது.

வாலில் ஒரு ஏற்பாடு உண்டு.
ரப்பர்பேண்டில் இரண்டு சென்டிமீட்டர் ஊதுவத்தி செருகியிருக்கும்,
நாலு நிமிஷத்தில் நெருப்பு ரப்பரைத் தொடும்,
அறும், வால் நிமிரும்,
விமானம் அப்படியே மெத்தென்று இறங்கிவிடும்.

நாலு நிமிஷம் ஆனது.
ஐந்து.
‘கொளுத்தினீங்கள்லா?’ என்றார்.
‘நீங்க கொளுத்தினீங்கன்னுல்லா நெனச்சேன்.’
தீப்பெட்டி அவர் சட்டைப் பையில்.
இரண்டு பேரும் கண்ணுக்குமேல் கை வைத்து நின்றோம்.
முதலில் இறக்கை போனது, பிறகு வெள்ளை போனது,
பிறகு ‘அன்னா’ என்று காட்டிக்கொண்டே இருந்தார்
எதுவும் இல்லாத இடத்தை.

எனக்குக் கோபம் வரவில்லை.
அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்.

இறக்கையின் அடியில் லேப் சீல் குத்தியிருந்தேன்.
மூன்று நாள் வந்த போனெல்லாம் பல்லுக்கு.
நாலாவது நாள் ஒரு அம்மா,
முத்தாலங்குறிச்சியிலிருந்து.
‘ஏரோப்ளேன் ஒண்ணு எங்க வாழைக்குள்ள கெடக்கு.
ஒரு பக்கம் ஒடிஞ்சிட்டு.
மூக்குல எவனோ சூயிங்கம் ஒட்டி வச்சிருக்கான்,
நான் பிச்சிப் போட்டுட்டேன், பாத்துக்கிடுங்க.’
பிறகு கொஞ்சம் தயங்கி,
‘பல்லு கட்டுற எடம்னு போட்டிருக்கே,
மேல் செட்டு மட்டும் என்ன ஆகும்?’

வியாழக்கிழமை பஸ்ஸில் போனேன்,
டாக்டரம்மா ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு.
சோளத்தட்டைக் கட்டின்மேல் மல்லாக்கக் கிடந்தது அது,
ஒரு கோழி அதன் நிழலில்.
அந்த அம்மா வாயைத் திறந்து உட்கார்ந்தார்,
அச்சுக் கிண்ணத்தைக் கடித்தபடி,
பேச முடியாமல்,
கையை மட்டும் உயர்த்தி எனக்குக் காட்டினார்:
இப்படி வந்தது, இப்படி,
இந்தத் தென்னைக்கு மேலே ஒரு சுற்று,
அப்புறம் இப்படி.